தூணடியில் சடுகுடு

பொட்டல்குளத்தில் போர் நினைவுத் தூணைப் புதுப்பித்தார்கள். எழுத்து தேய்ந்த பழைய கல்லை எடுத்துவிட்டுக் கருங்கல் பலகை பதித்தார்கள். போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் இப்போது பளிச்சென்று தெரிந்தன. தூணைச் சுற்றியிருந்த மைதானத்துக்கு வேலி போட்டுக் கதவும் வைத்தார்கள். சாவி, ஓய்வுபெற்ற சுபேதார் தவசியிடம். பலகையின் கடைசிப் பெயர் கருத்தப்பாண்டி, அவருடைய தம்பி.

திறப்பு விழா முடிந்த வாரமே தவசி தன் குருவைத் தேடிப் போனார். குரு அவரைவிட வெகுவாக இளையவர். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, கதவைப் பூட்டப் போறேன்."

"பூட்டுங்க."

"உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூட்டலாம்னு வந்தேன். செத்தவங்களுக்கு எப்படி மரியாதை செய்யணும்?"

"யாரு குறைச்சா?"

"பிள்ளைங்க. உள்ள வந்து சடுகுடு ஆடுதுங்க. அதையாவது பொறுத்துக்கலாம். பலகையில இருக்கற பேரை ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கிட்டு ஆடுதுங்க. நேத்து ஒருத்தன் கத்துறான், 'கருத்தப்பாண்டி செத்தான்!'னு. சிரிப்பு வேற."

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

"வாங்க, பாத்துட்டு வருவோம்."

மைதானத்தில் புழுதி பறந்தது. கோட்டுக்கு வெளியே முன்பல் விழுந்த ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க யாரு கருத்தப்பாண்டி?" என்றார் குரு.

"நாந்தான்."

"ஏன் உக்காந்திருக்க?"

"செத்துட்டேன்ல. எங்க ஆளு பாடிப் போயி ஒருத்தனைத் தொட்டுட்டு வந்தாத்தான் எனக்கு உயிர் வரும்."

"போகச் சொல்லேன்."

"மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். பயந்தாங்கொள்ளி. நகர மாட்டேங்கறான்."

"நான் போகவா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமிக்குத் தொப்பை இருக்கு. மூச்சு நிக்காது. மீசைத் தாத்தா வேணா வரட்டும்."

குரு திரும்பினார். "சுபேதார், உங்க தம்பிக்கு உயிர் வேணுமாம்."

தவசி பலகையைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

சடுகுடு சடுகுடு என்று அவர் கோட்டைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் சிதறி ஓடியது. "தாத்தாவைப் பிடிடா! மீசையைப் பிடி!" இரண்டு பேர் காலைக் கட்டிக்கொண்டார்கள். பாட்டை விடாமல் அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டின் மேல் விழுந்தார்.

"கருத்தப்பாண்டிக்கு உயிர் வந்துருச்சு!"

மைதானமே கூவியது. சிறுமி துள்ளி உள்ளே குதித்தாள்.

தவசி மண்ணில் கிடந்தபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். மூச்சு சீரானதும் கேட்டார்.

"சாமி, அப்ப அந்தக் கதவு?"

"தள்ளி உக்காருங்க சுபேதார்," என்றார் குரு. "உங்க தம்பி பாடப் போறான்."