உறையாயி போட்ட தையல்

பாலும் தயிரும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. ஒரு சட்டித் தயிருக்குள், வெதுவெதுப்பான வெண்மையில், பாக்டீரியாக் கூட்டம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத உயிர்கள்தான். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. ஒவ்வொருத்தி வயிற்றிலும் ஒரு நீள நூல். அவளைப் பற்றிய எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். பாவம், எதை வெட்டுவது என்று தெரியாமல் அது சும்மா தூங்கும்.

அந்தச் சட்டிக்கு எமன், முள்ளன் என்ற வைரஸ். யார் முதுகிலாவது உட்கார்ந்து தன் நூலை உள்ளே விடுவான். அவ்வளவுதான், அவள் வெடித்து, நூறு முள்ளன்கள் வெளியே வருவார்கள்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் உறையாயி என்பவளின் முதுகில் உட்கார்ந்தான். அவளுக்கோ இரண்டு மகள்களாகப் பிரியும் நேரம். நல்லவேளை, அவன் நூல் நைந்த நூல். உள்ளே வந்ததும் அறுந்துபோனது. பகைவன் துண்டைத் தீட்டு என்று உடனே வெளியே தள்ளுவது அவர்கள் வழக்கம். உறையாயி தள்ளவில்லை.

"அடியே, அந்தச் சனியனைத் தூக்கிப் போடுடி! வெச்சுக் கொஞ்சப் போறியா?" என்று கத்தினாள் அக்கா புளிச்சி.

"போட்டுட்டா, என் மகளுங்களுக்கு இவனை யாருக்கா அடையாளம் காட்டுறது? பிரிஞ்ச பிறகு நான்னு ஒருத்தி இருக்க மாட்டேனே. இந்த நூல் மட்டும்தானே அவங்களுக்குப் போகும்."

சொல்லிவிட்டு, அந்தத் துண்டைத் தன் நூலிலேயே வைத்துத் தைத்தாள். சட்டியே அவளோடு பேச்சை நிறுத்தியது. உறையாயி ஓர் ஓரமாக மிதந்து, மெல்ல மெல்ல இரண்டானாள்.

புதுப் பால் ஊற்றியபோது முள்ளன் கூட்டம் திரும்ப வந்தது. புளிச்சி வெடித்தாள். ஒருவன் உறையாயியின் மகள் வெண்ணாயிக்குள் நூலை விட்டான். கத்தரிக்கோல் கண்விழித்தது. தைத்திருந்த துண்டைப் பார்த்தது, வந்த நூலைப் பார்த்தது. அட, அதே மூஞ்சி! நறுக்!

உயிர் பிழைத்த வெண்ணாயி, "எனக்காக இதைத் தைச்சது யாரு?" என்று கேட்டாள். தைத்தவள்தான் இரண்டாகப் பிரிந்து போய்விட்டாளே. அழுதாள். பிறகு, புதிதாக வெட்டுப்பட்டதில் ஒரு துண்டை எடுத்து, அம்மாவின் தையலுக்குப் பக்கத்திலேயே தைத்தாள்.

அந்த இரண்டு தையலில் தொடங்கியதுதான், பாக்டீரியாக்கள் பகைவனின் அடையாளத்தைத் தம் நூலிலேயே வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம். மனிதர்கள் அந்தக் கத்தரிக்கோலை இரவல் வாங்கியது வெகுகாலம் கழித்து. வெட்ட வேண்டிய இடத்தின் அடையாளத்தைக் கையில் கொடுத்தால் போதும். பிறவி நோயோடு வந்த குழந்தையின் மரபணு நூலிலும் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து நறுக்குகிறது. தான் பார்க்கப்போகாத மகளுக்காக ஒருத்தி விழிக்கவைத்த கத்தரிக்கோல், இன்னும் தூங்கவில்லை.