பூவாயி விரட்டிய தவிட்டுக்குருவி

எந்த ராஜா, எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். ரொம்ப ரொம்ப முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ராஜாவுக்குப் பெரிய ஏரிச்சோலை ஒன்று இருந்தது. அங்கே வரும் பறவைகளைப் பார்த்து ஓலையில் எழுதுவது பூவாயியின் வேலை. அபூர்வப் பறவை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காக்கா, மைனா, தவிட்டுக்குருவியா? அதற்கெல்லாம் ஓலையை வீணாக்குவானேன் என்பாள்.

அவள் தம்பி சடையன் ஓயாத வாயாடி. ஆனால் பாசக்காரன், அக்காவுக்கு ஒரு வாய் கொடுக்காமல் எதையும் தின்னமாட்டான். ஒருநாள், சோலையில் தவமிருந்த மந்திரவாதி கரிமுகன் காதருகே போய்ப் பாட்டுப் பாடித் தொலைத்தான். அவ்வளவுதான், கரிமுகன் கோபத்தில் சபிக்க, சடையன் பறவையாகிவிட்டான்.

பூவாயி அழுதுகொண்டே கரிமுகனிடம் ஓடினாள். "ஐயா, எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். கொடுத்துடுங்க."

"பறவை பார்க்கிறவதானே நீ? பொழுது சாயறதுக்குள்ள கண்டுபிடி. மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடலாம். மூணும் தப்பினா, அவன் கடைசிவரைக்கும் பறவைதான்."

மந்திரத்தில் பிறந்த பறவை அபூர்வமாகத்தான் இருக்கும் என்று புதருக்குள் பதுங்கினாள் பூவாயி. காலையில் பொற்கொண்டைக் கொக்கு ஒன்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு தவிட்டுக்குருவி அவள் காலடியில் நாவல்பழத்தைப் போட்டுவிட்டுக் கத்தியது.

"ச்சூ, போ" என்று விரட்டிவிட்டு, கொக்கைப் பார்த்து "சடையா" என்றாள். கொக்கு பறந்தே போனது.

உச்சிவேளையில் நீலவால் நாரை. மறுபடி தவிட்டுக்குருவி, மறுபடி பழம், மறுபடி கத்தல். "ச்சூ, போ." பிறகு "சடையா." நாரையும் பறந்தது.

பொழுது சாயப் போகிற நேரம். இதுவரை எவரும் காணாத ஏழு வண்ணப் பறவை ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது. பூவாயி வாயைத் திறந்துவிட்டாள். காலடியில் பொத்தென்று மூன்றாவது பழம். எரிச்சலோடு குனிந்தாள். மூன்று பழமும் அப்படியே கிடந்தன. குருவி ஒன்றையும் தொடவில்லை. பசியோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூவாயி கிளையை மறந்து அப்படியே உட்கார்ந்தாள். ஒரு பழத்தை எடுத்துத் தின்றாள். அப்புறம்தான் குருவி இன்னொன்றைக் கொத்தியது.

"சடையா" என்றாள் மெதுவாக.

இறகெல்லாம் உதிர்ந்து, உதட்டில் நாவல்கறையோடு தம்பி நின்றான்.

"ஏன்டா, நீதான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காலையிலேருந்து சொல்றேன், அக்கா. நீதான் ச்சூ ச்சூன்னு விரட்டினே."

பார்த்துக்கொண்டிருந்த கரிமுகனே சிரித்துவிட்டான். ஏழு வண்ணப் பறவை எப்போது போனதென்று பூவாயி பார்க்கவே இல்லை. அன்றைய ஓலையில் ஒரே வரிதான்: தவிட்டுக்குருவி, ஒன்று.

"இதில் என்னம்மா அபூர்வம்?" என்று ராஜா கேட்டாராம்.

"இதுக்கு மேல அபூர்வம் எனக்கு வேண்டாம், மகாராஜா" என்றாளாம்.

அக்காவும் தம்பியும் நாவல்பழம் தின்று நன்றாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.