அட்டிகை போட்ட இருவாச்சி

மேற்கு மலைக்காட்டில் நெடுமூக்கன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் மனைவி பெயர் வெண்விழி. நெடுமூக்கனுக்கு நோய்நொடி ஒன்றும் கிடையாது. ஆனாலும் எப்போது பார்த்தாலும் களைத்துப் போயிருப்பான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நகை போட்டுப் போட்டுக் களைத்துப் போயிருந்தான்!

இருவாச்சிக்கு நகை எதற்கு? பொன்மஞ்சள் மூக்கு, மூக்குக்கு மேலே தொப்பி வைத்தது போல ஒரு கொண்டை, கறுப்பும் வெள்ளையுமாக வால். பிறவியிலேயே கல்யாணக் கோலம்தான். ஆனால் போதும் என்கிற மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு மழைக்காலத்தில் காட்டுக்குள் இருந்த பாழடைந்த கோட்டையின் சுவர் ஒன்று சரிந்தது. எந்தக் காலத்திலோ ஒரு சின்ன ராஜா கட்டிய கோட்டை. சுவருக்குள் மறைத்து வைத்திருந்த பானை உடைந்து, பழங்கால நகைகள் சேற்றில் கொட்டின. பழம் தேடிப் போன நெடுமூக்கன் அதைப் பார்த்தான். பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்தது போல வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து ஒரு பட்டமரத்தின் பொந்தில் சேர்த்தான்.

சேர்த்ததோடு விட்டிருந்தால் தேவலை. போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சியாக முத்துச்சரம். ஆடிக்காற்றுக்கு, லேசில் அசையாத காசுமாலை. ஐப்பசி மழைக்குப் பச்சைக்கல் பதக்கம். கல்யாணத்துக்கு ஒன்று, கருமாதிக்கு ஒன்று. எல்லாவற்றையும் விட அவன் உயிரை வைத்திருந்தது ஒரு சிவப்புக்கல் அட்டிகையின் மேல்தான். ஏதோ ஒரு குட்டி ராஜகுமாரியின் கழுத்துக்காகச் செய்தது. அது நெடுமூக்கனின் கழுத்தில் அளவெடுத்தது போலப் பொருந்தியது. அட்டிகை அல்லவா, கழுத்தை ஒட்டி இறுக்கமாகத்தான் நிற்கும்.

அந்த நகைகளில் பாதிக்குப் பின்னால் திருகு உண்டு. பறவைக்கு விரல் ஏது? அதனால் விரலன் என்ற கருங்குரங்கிடம் போவான். மாட்டிவிட ஒரு வாய் அத்திப்பழம், கழற்றிவிட ஒரு வாய் அத்திப்பழம். விரலன் தூங்கிக்கொண்டிருந்தால் எழும் வரைக்கும் கிளையில் காத்துக் கிடக்க வேண்டும். நகை கறுத்துப்போனால் பூந்திக்கொட்டை பொறுக்கி வந்து ஓடையில் அலச வேண்டும். ஒரே நகையை இரண்டு விசேஷத்துக்குப் போட்டுவிட்டால் மைனாக்கள் சும்மா இருக்காது. போன பங்குனியில் போட்டதுதானே என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டு வரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அட்டிகை போட்ட நாளில் சாப்பாடும் கிடையாது. இருவாச்சிகள் பழங்களைத் தொண்டையில் நிரப்பி எடுத்துப் போகிற இனம். அட்டிகை தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பழம் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள் பட்டினிதானே என்று நெடுமூக்கன் பொறுத்துக்கொள்வான். மாலையில் வீடு திரும்பும்போது இறக்கையைத் தூக்கக்கூடத் தெம்பிருக்காது. இதெல்லாம் யாருக்காக என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வான். பதில் வருவதற்குள் அடுத்த விசேஷம் வந்துவிடும்.

இப்படி இருக்கையில் தை மாதம் பிறந்தது. வெண்விழி முட்டையிடும் காலம். அவர்களுக்கு அதுதான் முதல் முறை.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, உள்ளிருந்தபடியே மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். மூக்கு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். குஞ்சு ஓரளவு வளரும்வரை அது வெளியே வராது. அதுவரை அந்தக் கீறல் வழியாக ஆண் பறவை ஊட்டுவதுதான் சோறு. ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான்.

பொந்துக்குள் போவதற்கு முன்னால் வெண்விழி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குஞ்சு வெளியில வர்ற வரைக்கும் நகை வேண்டாங்க. உள்ள போனா எனக்குச் சிறகு இருக்காது. உங்களை நம்பித்தான் போறேன்."

நெடுமூக்கன் சரி என்றான். மனதாரத்தான் சொன்னான். உண்மையில் அவனுக்கு அது பெரிய நிம்மதியாகக்கூட இருந்தது. நகையைப் போடாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதே!

அதன் பிறகு நன்றாகத்தான் நடந்தது. தொண்டை நிறையப் பழங்களை அடைத்துக்கொண்டு வருவான். கீறலில் மூக்கை வைத்து ஒவ்வொன்றாக உருட்டி எடுத்துக் கொடுப்பான். முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்தன. வேலை இரண்டு மடங்கானது. ஆனால் இந்தக் களைப்பு வேறு மாதிரி இருந்தது. படுத்தால் தூக்கம் வந்தது.

பங்குனியில் ஆற்றோரத்துப் பெரிய ஆலமரம் பழுத்தது. பழுத்ததும் காட்டில் உள்ளவர்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். தின்பதும் பேசுவதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக ஒரு திருவிழா. கூட்டத்துக்கு முந்தின நாள் நெடுமூக்கன் அந்தப் பக்கம் வந்தபோது மைனாக்கள் அவனை மேலும் கீழும் பார்த்தன.

"அண்ணன் நகையை எல்லாம் தொலைச்சுட்டாரு போல," என்றது ஒன்று. பாவம், வயசாகிவிட்டது என்றது இன்னொன்று.

நெடுமூக்கன் சிரித்து மழுப்பினான். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரே ஒரு நாள்தானே, சாயங்காலம் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். மறுநாள் காலையில் வழக்கத்தை விட அதிகமாகவே பழம் ஊட்டிவிட்டு, அட்டிகையைக் கவ்விக்கொண்டு விரலனிடம் போனான்.

விரலன் தலையைச் சொறிந்தான். "வீட்டுல குஞ்சு இருக்கையில இது எதுக்கண்ணே?"

"சாயங்காலம் கழட்டிடு. நீ எங்கயும் போயிடாதே, அது போதும்."

விரலன் திருகை இறுக்கிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

ஆலமரத்தடியில் எல்லாரும் அட்டிகையைப் பார்த்தார்கள். ஆகா என்றார்கள். மைனாக்கள் வாயடைத்துப் போயின. நெடுமூக்கன் இதற்காகத்தான் வந்தான். ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை. வழக்கமான அலுப்புத்தான் வந்தது. எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள் சிறுத்தை உறுமியது. கூட்டம் சிதறியது. குரங்குக் கூட்டம் மொத்தமும் கிளைக்குக் கிளை தாவிப் பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குப் போய்விட்டது. விரலனும் அதோடு போனான். உயிர் பெரிதா, அட்டிகை பெரிதா? நெடுமூக்கன் இருட்டும்வரை விரலனின் மரத்தில் காத்திருந்தான். யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பாடு. தொண்டையில் பழத்தை நிரப்ப முடியவில்லை. மூக்கு நுனியில் ஒரே ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வருவான். கொடுத்துவிட்டு ஆலமரத்துக்குத் திரும்பிப் பறப்பான். மறுபடி ஒன்று. மறுபடி பறப்பான். முன்பு ஒரே நடையில் கொண்டுவந்ததை நாள் முழுக்கச் சுமந்தாலும் கொண்டுவர முடியவில்லை. அவன் வயிற்றுக்கும் ஒன்றும் இல்லை. இறக்கை கனத்தது. கண் இருட்டியது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கொண்டு வர்றீங்க?" என்று வெண்விழி உள்ளேயிருந்து கேட்டாள்.

"பழம் கிடைக்கலை," என்றான் நெடுமூக்கன்.

ஆலம்பழம் பழுத்துக் கொட்டுகிற வாசனை பொந்துக்குள்ளும் வந்துகொண்டுதான் இருந்தது. கீறல் வழியாக வெண்விழிக்குத் தெரிந்ததெல்லாம் அவன் மூக்கு நுனி மட்டும்தான். வந்த பழத்தை இரண்டாகப் பிய்த்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

நெடுமூக்கன் கழுத்தை மரப்பட்டையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். இறகுதான் உதிர்ந்தது. மூக்கால் எட்டிக் கடிக்கப் பார்த்தான். எவ்வளவு நீண்ட மூக்கானாலும் தன் கழுத்துக்கு எட்டுமா? ஒரு மத்தியானம் பள்ளத்தாக்கு வரைக்கும் பறந்து விரலனைத் தேடினான். அடுத்த மலை வெகுதூரம். திரும்பி வருவதற்குள் குஞ்சுகள் கத்தத் தெம்பில்லாமல் கிடந்தன. அதன் பிறகு தேடவும் போக முடியவில்லை.

வழியில் மற்ற இருவாச்சிகள் அவனைப் பார்த்தார்கள். இன்றைக்கும் அட்டிகையா, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை. மாமன் மகளுக்குக் கல்யாணம் என்றான். மறுநாள் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், நாளுக்கு ஒரு விசேஷத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே பறந்தான். அந்தக் காட்டில் அவனைப் போலக் கொண்டாட்டமாக இருப்பவன் யாரும் இல்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் ஒற்றைப் பழத்தோடு வந்து கீறல் முன்னால் உட்கார்ந்தான். வழக்கமாக உள்ளே இரண்டு குரல் கேட்கும். அன்று ஒன்றுதான் கேட்டது.

நெடுமூக்கனின் வாயிலிருந்து பழம் நழுவிக் கீழே விழுந்தது.

"வெண்விழி," என்றான். "மரத்துல பழம் இருக்கு. நிறைய இருக்கு. என் கழுத்துல அட்டிகை இருக்கு."

அவள் அழுகிறாளா, கோபத்தில் இருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"கழுத்தை இங்க கொண்டு வாங்க," என்றாள்.

தான் கட்டிய சுவரைத் தானே கொத்திப் பெயர்த்தாள். காய்ந்து கல்லாகியிருந்த சுவர். பட்டினி கிடந்த உடம்பு. கொத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி கொத்துவாள். கீறல் கொஞ்சம் அகன்றதும் மூக்கை வெளியே நீட்டி, திருகுக்குப் பக்கத்தில் இருந்த மெல்லிய பொன்கம்பியைக் கடித்தாள். படக்கென்று அறுந்தது. சிவப்புக் கற்கள் இலைச்சருகில் உதிர்ந்தன. இருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

"ஒரு கடிதான்," என்றாள் வெண்விழி. "இந்தக் காட்டுல எத்தனை மூக்கு இருக்கு. ஒருத்தர்கிட்டயும் கேட்கலையா?"

"கேட்டா சிரிப்பாங்கன்னு..."

"சிரிச்சிட்டுப் போகட்டுமே," என்றாள். குரலை உயர்த்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உள்ளே திரும்பிப் பெயர்ந்த சுவரை மறுபடி பூச ஆரம்பித்தாள். பாம்பும் மரநாயும் உலவுகிற காடு. இருக்கிற ஒரு குஞ்சையாவது காப்பாற்ற வேண்டுமே.

நெடுமூக்கன் ஆலமரத்துக்குப் பறந்தான். தொண்டை கொள்ளும் மட்டும் பழங்களை நிரப்பினான். திரும்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். வெண்விழி வாங்கிக்கொண்டே இருந்தாள். இன்னும் என்றாள். மறுபடி பறந்தான். அன்று பொழுது சாயும்வரை பறந்துகொண்டே இருந்தான்.

வெயில்காலம் முடிவதற்குள் வெண்விழி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சில நாளில் அந்த ஒரு குஞ்சும் பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது. குஞ்சைப் பார்க்க உறவெல்லாம் கூடியது. மைனாக்களும் வந்தன. இவ்வளவு பெரிய விசேஷத்துக்கு அண்ணன் ஒன்றும் போடவில்லையா என்று கேட்டன. நெடுமூக்கன் கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். இதற்கா பயந்தோம் என்று அவனுக்கு இருந்தது. அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. பொந்துக்குள் அடங்கிப்போன அந்த இரண்டாவது குரலை மட்டும் அவன் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தானே கழற்ற முடியாததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு அதை மறைக்கிறவன், தன் வாயோடு சேர்த்துத் தன்னை நம்பி இருப்பவர்களின் வயிற்றையும் பூட்டிவிடுகிறான்.