உமரிக் குச்சி

சொர்ணலிங்கம் இருபத்தேழு வருஷம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். பெண்ணின் மாலையை நேராக்குவார், மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்புவார், குறுக்கே நிற்பவர் தாய்மாமனாகவே இருந்தாலும் தோளைத் தொட்டு ஓரங்கட்டிவிடுவார். அவர் சொல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு மாப்பிள்ளை சிரித்ததில்லை.

ஐம்பத்து நாலாவது வயதில் ஸ்டுடியோவை மகள் கையில் கொடுத்துவிட்டு உப்பளத்துப் பக்கம் வந்து சேர்ந்தார். தான் சொல்லி நிற்காத ஒன்றைச் சாவதற்குள் ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும். அந்த அரிப்பு அவரைப் பல காலமாகத் தூங்கவிடவில்லை.

அளத்தில் ரெஜினாள் இருந்தாள். பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிற மடைகளைத் திறந்து மூடுவது அவள் வேலை. நாற்பது வயதிருக்கும். எந்த வரப்பில் எந்தப் பறவை எத்தனை முட்டை இட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பறவை பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் விசாரிப்பார்கள்.

"டீச்சர், என்னையும் சேத்துக்கோங்க."

"டீச்சரா? நான் எட்டாங்கிளாசோட நின்னவ, அண்ணாச்சி."

"நான் ஏழு."

அவள் சிரித்துவிட்டாள். அப்படித்தான் அவர் சீடரானார்.

அவள் அவரை ஒரு பழைய வரப்புக்குக் கூட்டிப்போய், குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள்.

"அந்தா, ஒரு உமரிச் செடி காஞ்சு குச்சியா நிக்கிதுல்லா? அதுக்கு அடியில உப்புக்கொத்தி முட்டை வச்சிருக்கு. மூணு. இங்கன உக்காந்து பாருங்க. இந்தக் கோட்டைத் தாண்டுன ஆளு மறுநாள் அளத்துக்கு வரக்கூடாது. ஒரு பெரிய டாக்டரையே திருப்பி அனுப்பியிருக்கேன்."

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மண் நிறத்துப் பறவை. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் அழுத்தியதுபோல் ஒரு குழி, அதில் நாலு கிளிஞ்சல் துண்டு. முட்டைகளும் மண் மாதிரியே இருந்தன.

சொர்ணலிங்கம் தினமும் விடிந்ததும் வந்து கோட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள். பதினோரு நாளும் எடுத்த எல்லாப் படத்திலும் அந்த உமரிக் குச்சி பறவையின் முகத்துக்குக் குறுக்கே நின்றது. இடது பக்கம் நகர்ந்தால் கண் மறையும், வலது பக்கம் நகர்ந்தால் அலகு மறையும்.

"சனியன்" என்றார் ஒருநாள்.

"எது, பறவையா?"

"குச்சி, டீச்சர். ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். நல்ல படம்னா எது?"

"தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, மடையைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வெளிச்சம் தங்கம் உருக்கி ஊற்றியதுபோல் விழுந்தது. ரெஜினாள் தூரத்து மடையில் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. சொர்ணலிங்கத்தின் கால்கள் எழுந்தன. கோட்டைத் தாண்டின. பறவை குழியிலிருந்து ஓடி, ஒரு சிறகைத் தரையில் இழுத்து இழுத்து, ஒடிந்துபோனதுபோல் நடித்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பழகின கை. மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி, குச்சியை வேரோடு பிடுங்கிப் பையில் செருகிக்கொண்டு திரும்பி வந்து படுத்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிஷம்தான்.

இப்போது மறைக்க ஒன்றுமில்லை. மூன்று முட்டையும் பளிச்சென்று தெரிந்தன.

பறவை மட்டும் வரவில்லை.

வந்தது, பாதி தூரம் ஓடிவந்து நின்றது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியது. வேறு பக்கமாக வந்தது, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்த்தது. பந்தல் தெரியாமல் வேறு கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப்போல் விழித்துவிட்டு ஓடியது. வெயில் ஏறியது. பம்ப் செட்டின் கூரையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. உப்புத்தரையில் காலை ஒன்பது மணி வெயிலுக்கே கண் கூசும். அந்தத் தரையில் மூன்று முட்டை மூடாமல் கிடந்தன.

சொர்ணலிங்கம் கேமராவைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, எளவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கிய?"

பின்னால் ரெஜினாள் நின்றாள். அவள் கண் கோட்டுக்குப் போனது, கோட்டுக்கு அப்பால் போன காலடிகளுக்குப் போனது, அங்கிருந்து முட்டைகளுக்குப் போனது.

"தாண்டிட்டேன், டீச்சர்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"குச்சி எங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"கொண்டு போய் வைங்க."

"நான் மறுபடி போனா அது இன்னும் மெரளாதா?"

"மெரளும். போங்க."

இரண்டடி வைத்தவர் நின்றார். "எந்த எடத்துல நின்னுச்சு, எப்படிச் சாஞ்சிருந்துச்சுன்னு தெரியல டீச்சர். கைதான் பிடுங்குச்சு. நான் பாக்கல."

"பதினோரு நாளா அதை ஏசிக்கிட்டே கெடந்திய. பாக்கலையா?"

அவர் முகம் தொங்கிப்போனது. பிறகு சட்டென்று குனிந்து கேமராவை எடுத்தார். கெட்டுப்போனது என்று அவர் அழிக்க நினைத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒவ்வொன்றிலும் குச்சி நின்றது. முட்டைக்கு ஒரு சாண் தள்ளி, கிழக்கே. இரண்டு கிளை மேலே, ஒரு கிளை சாய்ந்து. அதன் நிழல் வலைபோல் மூன்று முட்டைமேலும் விழுந்து கிடந்தது. பதினோரு நாளில் அந்த நிழல் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

"திரும்பி வரும்போது பின்னால நடந்து வாங்க" என்றாள் அவள். "துண்டால காலடியை அழிச்சிக்கிட்டே வரணும். மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்."

பம்ப் செட் காக்கா கழுத்தைச் சாய்த்தது.

சொர்ணலிங்கம் போனார். முட்டியிட்டு, விரலால் பழைய வேர்க்குழியைத் தடவிக் கண்டுபிடித்துக் குச்சியை ஊன்றினார். கேமராவைப் பார்த்தார், குச்சியைத் திருப்பினார். மறுபடி பார்த்தார், ஒரு நூலளவு சாய்த்தார். அவர் வாழ்க்கையில் எந்த மணப்பெண்ணையும் அத்தனை பயபக்தியோடு நிறுத்தி வைத்ததில்லை. நிழல் முட்டைகளின்மேல் ஏறியது. துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார்.

"இங்க இல்ல. இன்னும் பின்னால" என்றாள் ரெஜினாள். கோட்டையும் தாண்டிப் பின்னால் போய், அடுத்த வரப்பின் சரிவில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டார்கள். போகிற வழியில் அவள் ஒரு உப்புக்கட்டியை எடுத்துக் காக்காயைப் பார்த்து வீசினாள். அது வைதுகொண்டே எழுந்து போனது.

காத்திருந்தார்கள். காற்று உப்பாக அடித்தது.

"வராட்டா?" என்றார்.

"சும்மா இருங்க."

"செத்திருக்குமா?"

"அண்ணாச்சி, கல்யாண வீட்டுலயும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பியளா?"



பறவை வாய்க்காலோரம் தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கி வயிற்றை மட்டும் நனைத்தது. இப்படியும் அப்படியும் அசைந்து இன்னொரு தடவை நனைத்தது. பிறகு ஓடிவந்தது. நின்றது. குச்சியைப் பார்த்தது. ஒரு ஓட்டம், ஒரு நிற்றல். இன்னொரு ஓட்டம். குழிக்கு வந்து, ஈரத்தோடு முட்டைகளின்மேல் இறங்கி, ஒரு தடவை புரண்டு அமர்ந்தது. குச்சி பழையபடி அதன் முகத்துக்குக் குறுக்கே நின்றது.

சொர்ணலிங்கம் மண்ணில் நெற்றியை வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"முட்டை?" என்றார் தலையைத் தூக்காமல்.

"வெந்த முட்டைமேல அது உக்காராது. பிழைச்சுது."

கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாறேன் டீச்சர். நாளைக்கு நான் வரக்கூடாதுல்லா."

"ஆமா, நாளைக்கு வரக்கூடாது. நாளான்னைக்குப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

"அந்த டாக்டரு?"

"அவரும் நாளான்னைக்கு வந்திருக்கலாம். வரல."

சொர்ணலிங்கத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இரண்டடி நடந்தார். மனசு கேட்காமல் திரும்பினார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன் டீச்சர். நல்ல படம்னா எதுன்னு. நீங்க மடையைப் பாக்கணும்னு போயிட்டிய."

"எங்க, நீங்க எடுத்ததக் காட்டுங்க."

அவர் முதல் நாள் படத்தைக் காட்டினார். காய்ந்த குச்சி, அதன் நிழல், பின்னால் பாதிக் கண்ணும் பாதி அலகுமாக ஒரு பறவை.

"மூஞ்சி தெரியல பாருங்க" என்றார்.

ரெஜினாள் வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"அது வீட்டுக்குள்ள இருக்கு, அண்ணாச்சி. நீங்க வாசல்ல நிக்கிய. சரியாத்தான வந்திருக்கு?"