நீர்நாயின் வித்தையும் வண்டின் விளாங்காயும்

ஒரு காட்டில் கால்பந்துக் குழு ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அந்தக் காட்டில் கோடைக்குக் குடிதண்ணீர் கிடைப்பதே கால்பந்தை நம்பித்தான் இருந்தது.

கீழ்க்காட்டுக்கும் மேல்காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுனை. ஆண்டுக்கு ஒரு போட்டி. ஜெயிக்கிற காட்டுக்குக் கோடை முழுதும் சுனை சொந்தம். கோல் விழாமல் ஆட்டம் முடிந்தால், போன தடவை ஜெயித்தவர்களிடமே சுனை இருந்துவிடும். போன தடவை ஜெயித்தது மேல்காடு.

அந்த ஆண்டு கோடை பிறக்கும்போதே கீழ்க்காட்டு கோச் கரடியாரின் குட்டி, ஈரம் இருக்குமோ என்று பாறையை நக்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்தார் கரடியார். இந்த முறை எப்படியாவது ஜெயித்தே ஆகவேண்டும் என்று தொலைதூர ஆற்றுக்கு நடந்துபோய், சேர்த்துவைத்த தேனடை அத்தனையும் கொடுத்து ஒரு நீர்நாயைக் கூட்டிவந்தார்.

நீர்நாயின் பெயர் மினுக்கன். அந்தக் காட்டில் பந்து என்பது காய்ந்த விளாங்காய். மினுக்கன் அதை மூக்கில் நிறுத்துவான், முதுகில் உருட்டுவான், மல்லாந்து படுத்து நாலு காலாலும் சுழற்றுவான். வேடிக்கை பார்த்த கரடியாருக்கு வாய்க்குள் ஈ போனதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். மினுக்கன் மட்டும் நிழலில் படுத்திருந்தான்.

"ஏனப்பா, நீ ஓடவில்லையா?" என்று கேட்டார் கரடியார்.

"ஓடினால் திறமை தேய்ந்துவிடும் கோச். செருப்புத் தேய்கிற மாதிரி. போட்டிக்கு மிச்சம் வேண்டாமா?"

கரடியார் பிறந்ததிலிருந்து செருப்புப் போட்டதில்லை. ஆனாலும் அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"அப்படியானால் நீ படு," என்றார். அதோடு விட்டாரா? திறமை வெயிலில் வாடிவிடக் கூடாதென்று முயலைக் கூப்பிட்டு, தேக்கிலையால் மினுக்கனுக்கு விசிறச் சொன்னார். அந்தக் குழுவிலேயே வேகமாக ஓடுவது முயல்தான். அதைப் பிடித்து விசிறியாக்கிய புண்ணியவான் நம் கரடியார்.

அந்த மைதானத்துக்குத் தினமும் ஒரு சாணிவண்டும் வரும். கீழ்க்காட்டுத் தடுப்பாட்டக்காரர் யானை. யானை ஓடினால் பின்னால் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியும். வண்டு அதை உருண்டையாக்கி, தலையைக் கீழே ஊன்றி, பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும். மைதானத்தின் நடுவில் தொடங்கினால் கோடியிலிருக்கும் புளியமரம் வரைக்கும் நேராக ஒரே தள்ளு. மரத்துக்குப் பின்னால் அதன் வீடு. உருண்டையைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததைத் தள்ளும். வழியில் கல் இடறி உருண்டை நழுவி ஓடினால், துரத்திப் பிடித்து மறுபடியும் தள்ளும்.

"நானும் ஆட்டத்தில் சேரட்டுமா அய்யா?" என்று ஒருநாள் கேட்டது.

கரடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உனக்கு என்ன திறமை இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை அய்யா. உருண்டையாக எது கிடைத்தாலும் தள்ளுவேன். தள்ள ஆரம்பித்தால் விடமாட்டேன்."

"அதெல்லாம் திறமையில் சேராது. போய் வேலையைப் பார்."

வண்டு போய் வேலையைப் பார்த்தது.

போட்டி நாள் வந்தது. புளியமரத்தடியில் மேல்காட்டின் கோல். மரத்தின் மேலே நடுவர் ஆந்தையார். பகலெல்லாம் தூங்குவார் என்பதால் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. கோல் விழுந்தால் கத்தி எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து அவரே விழிக்கும்போது ஆட்டம் முடிந்தது.

அன்று பார்த்து முயல் வரவில்லை. விசிறி விசிறி அதற்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. ஆள் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். சுற்றுமுற்றும் பார்த்த கரடியார், வேறு வழியில்லாமல் வண்டைக் கூப்பிட்டார்.

"மினுக்கனுக்குப் பின்னால் நில். எதையும் தொடாதே."

"பந்து கீழே விழுந்தால் அய்யா?"

"அவனிடமிருந்து பந்து விழாது."

ஆட்டம் தொடங்கியது. விளாங்காய் மினுக்கனிடம் வந்தது. பறிக்க வந்த மூன்று பேரையும் அவன் ஒரே சுழற்றில் மண்ணைக் கவ்வ வைத்தான். கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் மினுக்கன் அங்கேயே நின்று விளாங்காயை மூக்கில் ஏற்றினான்.

மேல்காட்டு கோச் ஒரு நரி. அது இதைக் கவனித்துவிட்டது.

"யாரும் பந்தைப் பறிக்காதீர்கள்," என்று தன் குழுவுக்குச் சொன்னது. "கைதட்டுங்கள். தட்டிக்கொண்டே இருங்கள். நிறுத்துகிறவனுக்கு இன்றைக்கு இரை கிடையாது."

"நானுமா?" என்றது கோல்காவலரான குரங்கு.

"உனக்குத்தான் பெரிய கை. பலமாகத் தட்டு."

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. மினுக்கன் வித்தை காட்டினான், எதிரிகள் கைதட்டினார்கள். கீழ்க்காட்டாரும் எல்லாவற்றையும் மறந்து தட்டினார்கள். யானை காதுகளை அடித்துக்கொண்டது.

"கோல் பக்கம் போடா," என்று கத்தினார் கரடியார்.

"இத்தனை பேர் ரசிக்கும்போது பாதியில் போனால் மரியாதையாக இருக்குமா கோச்?"

வெயில் மஞ்சளாகியது. அப்போதுதான் கரடியார் குனிந்து பார்த்தார். அவர் கையும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் குட்டி, காய்ந்த நாக்கை வெளியே போட்டுக்கொண்டு சுனை இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கரடியாரின் கை நின்றுவிட்டது.

"தேனையும் கொடுத்து, விசிறியும் போட்டு, என் பிள்ளை வாயில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே," என்று அழுதார்.

ஒருநாளும் ஓடிப் பழகாத மினுக்கனுக்கு அந்த நேரம் மூச்சு வாங்கியது. கால் பின்னியது. விளாங்காய் மூக்கிலிருந்து நழுவி விழுந்து பின்னால் உருண்டது. மினுக்கன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வித்தை முடிந்துவிட்டதென்று கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னான். கைதட்டல் காட்டைப் பிளந்தது. அவன் இன்னொரு வணக்கம் சொன்னான்.

விளாங்காய் வண்டின் முன்னால் வந்து நின்றது. உருண்டையாக இருந்தது. வண்டு தலையைக் கீழே ஊன்றிப் பின்னங்காலை வைத்துத் தள்ள ஆரம்பித்தது, தினமும் போகிற அதே வழியில்.

தலைகீழாகப் போகிற வண்டுக்குக் கூட்டமும் தெரியவில்லை, கோலும் தெரியவில்லை. ஒரு மேட்டில் விளாங்காய் நழுவி ஓடியது. வண்டு துரத்திப் பிடித்துத் தள்ளியது. கோல்காவல் குரங்கு ரொம்ப நேரமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"பந்து வருகிறது, பிடி," என்று அலறியது நரி.

"பிடிக்க வேண்டுமென்றால் கைதட்டுவதை நிறுத்தவேண்டும்," என்றது குரங்கு, தட்டிக்கொண்டே. "அப்புறம் எனக்கு இரை கிடையாதே."

நரி ஏதோ பதில் சொன்னது. கைதட்டல் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வண்டு குரங்கின் கால்களுக்கு நடுவில் புகுந்து போனது.

சூரியன் மறைந்தது. ஆந்தையார் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். கூட்டம் முழுதும் மினுக்கனின் வணக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பகல் முழுதும் தூங்கியவர் கோட்டைத் தாண்டுகிற விளாங்காயைப் பார்த்தார்.

"கோல்," என்றார். "ஆட்டம் முடிந்தது. சுனை கீழ்க்காட்டுக்கு."

கரடியார் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். தன்னைக் கட்டிக்கொள்ளத்தான் வருகிறார் என்று மினுக்கன் கையை விரித்தான். அவர் அவனைத் தாண்டிப் புளியமரத்துக்குப் பின்னால் போனார். வண்டு இன்னமும் தள்ளிக்கொண்டிருந்தது.

"நில்லப்பா, நாம் ஜெயித்துவிட்டோம். நீதான் கோல் போட்டாய்."

"அப்படியா அய்யா, சந்தோஷம்," என்றது வண்டு. "கொஞ்சம் வழி விடுங்கள். இருட்டுகிறது, இதை வீட்டில் சேர்க்கணும்."

கரடியார் வழி விட்டார். குட்டி அன்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. மறுநாள் காலை எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். முயல் மட்டும் நிழலில் படுத்துத் தோளுக்கு ஓய்வு கொடுத்தது. தேக்கிலையால் விசிறியது மினுக்கன்.

நீதி: எவ்வளவு திறமை இருந்தாலும், ஓடி உழைக்காதவன் பந்தைக் கோலில் சேர்க்கமாட்டான்.