பூச்சியுண்ணிக்குப் போட்ட துண்டு

கோணப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டவன் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தான். தேய்ந்துவிடுமே என்று அதை எடுத்துப் புழங்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பலவேசம், தளவாய், எசக்கி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் பொதுவாக ஒரு கடலைக்காடு. அந்த வருஷம் கடலை விளைந்தால்தான் மூத்தவர் பலவேசத்தின் மகள் செவந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும் துண்டும்கூட எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காட்டில் கம்பளிப்புழு இறங்கியது.

விவசாய ஆபீசர் வந்து பார்த்தார்.

"மருந்தெல்லாம் வேண்டாம். பூச்சியுண்ணி வந்து புழுவைப் பொறுக்கித் தின்னுரும். காட்டுல அங்கங்க கம்பு நட்டு, மேல குறுக்கால ஒரு கம்பு கட்டுங்க. பூச்சியுண்ணிப் பறவை வந்து உக்கார இடம் இருக்கணும். அது போதும்."

சொல்லிவிட்டு அவர் பைக்கில் ஏறிப் போய்விட்டார். மூவரும் அந்தப் பேரை வாயில் போட்டு மென்று பார்த்தார்கள்.

"நம்மூர்ப் பறவையா இருக்காதுண்ணே," என்றார் தளவாய். "நம்மூர்ப் பறவைக்கு இம்புட்டுப் பெரிய பேரு யாரு வைப்பா?"

"மயிலவிடப் பெருசா இருக்கும்," என்றார் பலவேசம். "கம்பு தாங்காதுடே. பனங்கட்டையே நட்டிருவோம்."

நட்டார்கள். குழி தோண்டும்போது பாதிச் செடி போனது. "எப்பா, குருவி உக்காரதுக்கு எதுக்கு உத்தரம்?" என்று செவந்தி கேட்டாள். அந்த வீட்டில் புத்தியை எடுத்துப் புழங்கியது அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் பேச்சு எடுபடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கரிச்சான் குருவி வந்து கட்டையில் உட்கார்ந்தது. இரட்டை வாலை ஆட்டியது. விருட்டென்று இறங்கி ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு திரும்பவும் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து வந்தன. பலவேசத்துக்கு ரத்தம் கொதித்தது.

"ஏல எசக்கி, அநியாயத்தைப் பாத்தியா! விருந்தாளிக்குப் போட்ட எடத்துல கண்ட கரிச்சானும் வந்து உக்காருது!"

"உக்காந்தாக்கூடப் பரவாயில்லண்ணே. பூச்சியுண்ணிக்கு வச்சிருக்க புழுவையில்லா திங்குது! அது வந்தா என்னத்தைத் திங்கும்?"

மூவரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு காடு முழுக்க ஓடினார்கள். கரிச்சான்கள் பறந்தன. புழுக்கள் நிம்மதியாகத் தின்றன. ஆனால் இவர்கள் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனால் போதும், கரிச்சான்கள் திரும்ப வந்துவிடும்.

எசக்கிதான் வழி சொன்னார். மூவரில் பஸ் ஏறி வெளியூர் போய் வந்தவர் அவர்.

"பஸ்ல எடம் பிடிக்கணும்னா என்ன செய்வோம்? சன்னல் வழியா துண்டைப் போடுவோம். அப்புறம் எவனாவது உக்காருவானா?"

"கரிச்சானுக்கு அது தெரியுமா?"

"பஸ்ஸு போற ஊருல இருக்க கரிச்சானுக்கு அதுகூடவா தெரியாது?"

ஒவ்வொரு கட்டையிலும் துண்டு போட்டார்கள். துண்டு தீர்ந்ததும் கோவணம் ஏறியது. நடுக்கட்டைக்கு மட்டும், வருகிறவர் பெரியவர் என்பதால், மாப்பிள்ளையின் பட்டுத் துண்டு. காற்றில் எல்லாம் படபடவென்று அடித்தன. அதற்குப் பிறகு ஒரு பறவை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். கதை சொல்கிற எனக்கு மட்டும் வயிறு எரிகிறது.

ஆபீசர் மறுபடி வந்தபோது காட்டில் இலை என்று ஒன்று இல்லை.

"பறவை வரலையா?"

"பூச்சியுண்ணி வரலீங்க. நாலு கரிச்சான் வந்து புழுவைத் தின்னுச்சு. வெரட்டிட்டோம்."

"அட கூறுகெட்டவங்களா! அதுதான்யா பூச்சியுண்ணி! பூச்சி தின்னுற பறவை எல்லாத்துக்கும் அதான்யா பேரு!"

மூவரும் வெட்கத்தில் தலையைத் தொங்கப் போட்டார்கள். தலை தொங்கியதற்குக் காரணம் கடலை போனதல்ல, விருந்தாளியைத் தகரம் தட்டி விரட்டியது.

அப்புறம் ஒரு மழை பெய்தது. புழுவெல்லாம் மண்ணுக்குள் போய்விட, மொட்டைச் செடி துளிர்த்தது. துண்டுகளை எடுத்ததும் கரிச்சான்களும் வந்து உட்கார்ந்தன. பாதிக் கடலையாவது தேறும், கல்யாணம் நடந்துவிடும் என்று செவந்தி மூச்சு விட்டாள்.

பலவேசம் கலங்கிப்போனார். "ஏல, வந்தவுக வெறும் எலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காகளே. காட்டுல ஒரு புழு இல்லியே!"

மாப்பிள்ளை ஊரில், சம்பந்தி காட்டில் இன்னும் புழு இருந்தது. மூவரும் சாக்கை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். அள்ள அள்ள, சம்பந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு சம்பந்தம் யாருக்குக் கிடைக்கும்! சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து துளிர்மேல் கொட்டினார்கள்.

கரிச்சான் ஒன்றுகூட இல்லை. இவர்கள் போய் வருவதற்குள் வேறு யாரும் கரிச்சான் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, கிளம்பும்போதே எல்லாக் கட்டையிலும் துண்டு போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "எப்பா, என் கல்யாணம்?"

"சும்மா இரு தாயி," என்றார் பலவேசம், கை கூப்பி வானத்தைப் பார்த்தபடி. "எலை போட்டு, பரிமாறி, துண்டும் போட்டாச்சு. இந்தப் பந்திக்கே இன்னும் ஆளு வரல. அதுக்குள்ள அடுத்த பந்திக்கு என்ன அவசரம்?"