நாலாம் நம்பர் போட்ட கூச்சல்

ஒரு பெரிய குக்கர் கம்பெனியில் நாலாம் நம்பர் என்று ஒரு துளையிடும் மிஷின் இருந்தது. மூடியில் பாதுகாப்பு வால்வு உட்காரும் துளையைப் போடுவது அதன் வேலை. துளை கொஞ்சம் பெரிதானாலும் வால்வு அடுப்பிலேயே பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்த மிஷினில் துளையிடும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, தண்டு ஆடத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து தர மேம்பாட்டுத் திட்டம் வந்தது. மிஷினுக்கு மிஷின் ஒரு வரைபடத் தாளை மாட்டினார்கள். மணிக்கு ஐந்து மூடிகளை அளந்து, சராசரியை அதில் புள்ளியாக வைக்க வேண்டும். நடுவில் சரியான அளவுக்கு ஒரு கோடு. மேலும் கீழும் எல்லைக்கோடுகள்.

"நீ என்ன செய்வாய்?" என்று கேட்டது நாலாம் நம்பர்.

"உன் உடம்பில் என்ன கோளாறு என்று ஊருக்குச் சொல்வேன்" என்றது தாள்.

நாலாம் நம்பருக்கு உயிர் வந்தது. "அப்பாடா! எனக்கும் ஒரு வாய் கிடைத்தது."

மிஷினை ஓட்டிய சகாயமேரி உள்ளதை உள்ளபடி அளந்து புள்ளி வைத்தாள். புள்ளிகள் மளமளவென்று ஏறின. எட்டாவது புள்ளி எல்லையைத் தாண்டியது. மேனேஜர் கோதண்டபாணி ஓடிவந்தார்.

"என்னம்மா, கவனம் எங்க இருக்கு?"

"மிஷின் ஆடுது சார். பேரிங் மாத்தணும்னு நாலு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

"லைனை நிறுத்திட்டா புரொடக்‌ஷனுக்கு யார் பதில் சொல்றது? இன்னும் ரெண்டு புள்ளி வெளிய போகட்டும், உனக்கு சஸ்பென்ஷன்தான்."

நாலாம் நம்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், ஆடுறது நான்! அவளை ஏன்யா மிரட்டுறே? என் வயிற்றைத் திறந்து பாருய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"ரொம்பச் சத்தம் போடுது, எண்ணெய் விடு" என்று சொல்லிவிட்டுப் போனார் கோதண்டபாணி.

மறுநாள் சகாயமேரி மூடிகளை அளந்தாள். அளவு எல்லையைத் தாண்டியே இருந்தது. பிறகு பென்சிலை நடுக்கோட்டில் வைத்து அழுத்தினாள்.

"அடப்பாவி பென்சிலே, பொய்யா எழுதுகிறாய்?" என்று சீறியது நாலாம் நம்பர்.

"நேற்று உண்மைதான் எழுதினேன். அடி யாருக்கு விழுந்தது, பார்த்தாயா?" என்றது பென்சில்.

நாலாம் நம்பர் ஆடிக்கொண்டே அடுத்த மூடியைத் துளைத்தது.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். பிசகாத புள்ளிகளைப் பார்த்துக் கைதட்டினார்கள். கோதண்டபாணிக்குக் கேடயம் கிடைத்தது. "இவ்வளவு சீராக ஓடும் மிஷினுக்குப் புது பேரிங் தேவையில்லை" என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நாலாம் நம்பர் அதைக் கேட்டது. அது துளைத்த மூடிகள் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. எந்த வீட்டில், யார் முகத்துக்கு நேரே அந்த வால்வு பறக்கப்போகிறதோ!

"என் கையால் இனி ஒரு மூடி போகாது" என்று பல்லைக் கடித்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டித் தன் தண்டைத் தானே இறுக்கிப் பிடித்தது. படீரென்று முறிந்தது தண்டு. மிஷின் நின்றுபோனது.

சத்தம் கேட்டுக் கோதண்டபாணி வந்தார். மிஷின் பக்கம் திரும்பவில்லை. நேரே தாளுக்குப் போனார்.

"பதினோரு மணிப் புள்ளி எங்கம்மா?"

சகாயமேரி செத்துக் கிடந்த மிஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து நடுக்கோட்டில் ஒரு புள்ளி வைத்தாள்.

"ம், இப்ப சரி" என்றார் கோதண்டபாணி.